வேப்பிலைக்கு அடங்கிய சனம் ஸ்டிக்கருக்கு ஏன் அடங்கவில்லை?

"தோட்டத்துச் சனம் சொன்னாக் கேக்காது." கொரோனா காலத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் எங்களைப் பற்றி இதைக் கேட்காத நாள் இல்லை. போன வாரம் ஹட்டனிலிருந்து கண்டி போகும் பஸ்ஸில், டெங்கு பற்றிப் பேசிய ஒருவர் அதே வசனத்தை எடுத்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு இறங்கிவிட்டேன். மனசு ஆறவில்லை, எழுதுகிறேன்.

என் சின்ன வயதில் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் 'அம்மா போட்டிருக்கு' (அம்மை கண்டிருக்கிறது) என்றால் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வேப்பிலை தொங்கும். (எங்கள் மழைக்கும் குளிருக்கும் வேப்ப மரம் ஏது? யாராவது மாத்தளைப் பக்கமிருந்து கொண்டுவர வேண்டும்.) அதற்கப்புறம் ஒரு பிள்ளையும் அந்த வாசலை மிதிக்காது. நோய் இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும்வரை அந்த வீட்டார் கல்யாணம் காட்சி எதற்கும் போக மாட்டார்கள். பக்கத்துக் காம்பராவில் (அறையில்) தாளிக்கக்கூட மாட்டார்கள். பொலிஸ் வந்து நிற்கவில்லை. தனிமைப்படுத்தல் என்ற சொல்லையே கேட்டிராத சனம் அதைப் பிசகாமல் செய்தது.

அதே சனம் 2020இல் ஏன் பிசகியது?

மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டார்கள். நாடே வீட்டுக்குள். தேயிலைத் தோட்டங்கள் மட்டும் ஓடலாம் என்றார்கள். ரேடியோ "வீட்டிலேயே இருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்க, என் அம்மா பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கிளம்பினார். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் வழக்கம்போல ஒட்டி நின்றார்கள். "ரெண்டுல எதுடா மெய்?" என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. காம்பரா 10க்கு 12 அடி, ஆள் ஆறு பேர், இதில் ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டுமாம்.

எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. பொலிசைக் கண்டால் மட்டும் மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றியவர்களில் நானும் ஒருவன்.

ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலை, பேலியகொடை மீன் சந்தை என்று கொரோனாவின் இரண்டாவது அலை வந்தது. தீபாவளியை ஒட்டி, கொழும்பு உள்ள மேல் மாகாணத்தை மூடுவதற்கு முன்பே அங்கே கடை வேலை பார்த்த பிள்ளைகள் பலர் வந்துவிட்டார்கள். பக்கத்து லயத்துப் பையனும் வந்தான். கதவில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், 14 நாள் வீட்டார் யாரும் வெளியே வரக் கூடாது. எழுத்து முழுக்கச் சிங்களம். மூன்றாம் நாளே அவனுடைய அப்பா பின்பக்கமாக இறங்கிக் கடைக்குப் போனார். லயமே ஏசியது. நானும்தான் ஏசினேன். வீட்டில் அரிசி இல்லை, நாலு பேருக்கும் 14 நாள் வேலைக் கணக்கில் பேர் விழாது, சம்பளம் இல்லை என்று யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் குடும்பநல மாது (மருத்துவச்சி) வந்தார். எங்களுக்கு அவர் மிஸ்ஸி. அந்த லயத்துப் பிள்ளைகளை எல்லாம் எடை நிறுத்துப் பார்த்தவர். இஸ்தோப்புக்குக் கீழே நின்று, ஏன் 14 நாள், காய்ச்சல் வந்தால் யாருக்குக் கோல் எடுப்பது என்று அரை மணி நேரம் தமிழில் பேசினார். போகும்போது எங்களைப் பார்த்து, "இவங்களுக்கு யார் சாப்பாடு குடுக்கிறது?" என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று சாயந்தரமே அரிசி, பருப்பு, பீலியில் (பொதுக் குழாயில்) பிடித்த தண்ணீர் எல்லாம் வாசலுக்குப் போனது. மிச்ச நாள் அந்த மனுஷன் படி இறங்கவில்லை. ஸ்டிக்கர் அதே ஸ்டிக்கர்தான், சட்டமும் அதே சட்டம்தான்.

அந்த நவம்பரில் சுகாதார அமைச்சரே கொரோனா ஒழியும் என்று மந்திரித்த பானையை ஆற்றில் விட்டார். டிசம்பரில் கேகாலையில் கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பாணி மருந்துக்காக ஆயிரக்கணக்கானவர்கள் முண்டியடித்தார்கள். அவர்களை யாரும் 'சொன்னாக் கேக்காத சனம்' என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

அடுத்த வருஷம் தடுப்பூசி வந்தபோதும் இப்படித்தான். பிள்ளை தங்காது என்று ஒரு வதந்தி. நோட்டீஸ் எதுவும் எடுபடவில்லை. ஊசி போட்ட பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் காய்ச்சலில் படுத்து, அடுத்த நாள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனதைப் பார்த்த பிறகுதான் வரிசை நீண்டது.

பஸ்ஸில் வந்தவருக்காக, மடுவத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் டெங்கு நோட்டீஸைப் போய்ப் பார்த்தேன். தமிழ் இருக்கிறது, அடியில், பொடி எழுத்தில். வீட்டில் தண்ணீர் சேர்த்து வைக்காதீர்கள் என்கிறது. எங்கள் பீலியில் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தரம்தான் வருகிறது.