நாற்காலியைப் பார்த்து ஆளை அனுப்பிய கணக்கு

2025 ஜூலை 11 ஆட்குறைப்பு பற்றிப் பேச்செடுத்தாலே, "தனியார்ல தினமும் நடக்காததா?" என்கிறார்கள். சரி, பொறுமையாகவே சொல்கிறேன்.

அன்று அமெரிக்க வெளியுறவுத் துறை வேலையைவிட்டு அனுப்பியது 1,353 பேரை. 1,107 பேர் குடிமைப் பணியாளர்கள், 246 பேர் வெளியுறவுப் பணி அதிகாரிகள். என் ஆத்திரம் அந்த 246இல்தான்.

குடிமைப் பணியில் பதவித் தரம் நாற்காலியோடு ஒட்டியது. வெளியுறவுப் பணியில் அது ஆளோடு ஒட்டியது; நாற்காலி இரண்டு மூன்று வருடத்தில் மாறிவிடும். பாக்தாத், பிறகு வாஷிங்டனில் ஒரு மேசை, அப்புறம் சென்னை. அதனால் ஆட்குறைப்பு என்று வந்தால் ஒரே தரத்தில் உள்ளவர்களை உலகம் முழுக்க ஒப்பிட்டு, பணிப் பதிவு, மொழி, சேவைக்காலம் எல்லாம் பார்ப்பதுதான் முறையாக இருந்தது. இந்தத் தடவை பார்த்தது ஒன்றே ஒன்று: 2025 மே 29 அன்று எந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாய்? மூடப்போகும் அறையா, வெளியே போ. பக்கத்து அறையா, பிழைத்தாய். மியூசிக்கல் சேரிலாவது பாட்டு நிற்கும் என்று ஆடுகிறவருக்குத் தெரியும்!

அலுவலகத்தை மூடினால் அந்தப் பதவி எதற்கு என்றார் வெளியுறவு அமைச்சர் ரூபியோ. பதவி வேண்டாம்தான். ஆள்? (அரசு ஊழியரைக் கட்டாய ஓய்வில் அனுப்பும் நம் ஊர் விதி 56(ஜே) மேல் ஆயிரம் குறை சொல்லலாம். அதிலும் புரட்டுவது ஆளுடைய கோப்பைத்தான்.)

"திறமையில்லாதவரைக் கழிக்க வேண்டாமா?" கழியுங்கள். சல்லடை 1980 வெளியுறவுப் பணிச் சட்டத்திலேயே இருக்கிறது. வருடாவருடம் தேர்வுக் குழு உட்காரும். குறித்த காலத்துக்குள் பதவி உயராதவர் வீட்டுக்குப் போவார். 65 வயதில் கட்டாய ஓய்வு. அதில் சலித்து நின்றவரைத்தானே இப்போது அறை எண் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள்?

"120 நாள் சம்பளத்தோடு விடுப்பு தந்தார்களே?" தந்தார்கள், மகராசர்கள். குடிமைப் பணியாளருக்கு அதுவும் 60 நாள்தான். 50 வயதும் 20 வருட சேவையும் ஆனவர் தானே ஓய்வு கேட்டு ஓய்வூதியத்தோடு போகலாம். அந்த வரம்புக்கு ஒரு வருடம் குறைந்து நின்றவரிடம் போய்ச் சொல்லுங்கள் இந்த 120ஐ.

சிக்கனமாம். அரபிக்கு 88 வாரம், சீனத்துக்கு 88 வாரம், நம் தமிழுக்கு 44 வாரம், முழுச் சம்பளத்தோடு உட்காரவைத்துச் சொல்லித்தருகிறார்கள். எதற்கு? விசா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கோப்பைக் கட்டிப்பிடித்து நிற்கும் அப்பாவிடம், "மகளைப் பார்க்கவா போறீங்க? எத்தனை மாசம்?" என்று அவர் மொழியிலேயே கேட்க. அந்த 44 வாரம் எந்தக் கணக்கில் வரும்?

அட்டைப்பெட்டியோடு இறங்கிவந்தவர்களுக்கு மற்றவர்கள் லாபியில் நின்று கைதட்டினார்கள். தட்டியவர்களில் எத்தனை பேர் மே மாதத் தொடக்கத்தில்தான் அந்த அறைகளிலிருந்து மாறிவந்தவர்களோ.