கருகின ஸ்ட்ரோபெரி

(கிழக்கு லண்டன், ஈஸ்ட்ஹாமில் ஒரு மூலைக்கடை. கல்லாவுக்குப் பின்னால் பூட்டிய அலுமாரியில் வேப் (மின்சிகரெட்) வகைகள். கடைக்காரர் பரா அண்ணை வாழ்நாளில் ஒரு தம் இழுத்தவர் இல்லை. ஆனாலும் 2025 ஜூன் 1 முதல் பாவித்து எறிகிற வேப் விற்பனைக்குத் தடை வந்தபிறகு, லிக்விட் நிரப்புகிற சாமானுக்கு மாறின அத்தனை பேருக்கும் வைத்தியர் அவர்தான். நேசன் முகத்தைக் கோணிக்கொண்டு உள்ளே வருகிறான்.)

நேசன்: அண்ணை, நீங்கள் தந்த சாமான் பழுது. ஸ்ட்ரோபெரி என்று இழுத்தால் ரயர் எரிந்த நாற்றம் வருகிறது. இந்தாங்கோ, நீங்களே பாருங்கோ.

பரா: எனக்கு வேண்டாம். நீயும் திரும்ப வாயில் வைக்காதே. முதலில் சொல்லு, சூடாக வருகிறதா, கருகலாக வருகிறதா?

நேசன்: இரண்டும் ஒன்றுதானே?

பரா: இல்லை. சூடு என்றால் நாக்கும் உதடும் சுடும், ருசி இருக்கும். மின்வலு அளவான வாற்றைக் குறைத்து, காற்றுத் துளையைக் கொஞ்சம் திறந்துவிட்டால் சரிவரும். கருகல் என்றால் தொண்டை காந்தும், இருமல் வரும், ருசி செத்துப்போகும். உள்ளே பஞ்சு எரிந்துவிட்டது என்று அர்த்தம்.

நேசன்: போன கிழமை சூடு. நேற்றையிலிருந்து கருகல்.

பரா: வருத்தத்தை முற்றவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறாய்.

நேசன்: அதென்ன பஞ்சு? எலெக்ட்ரோனிக் என்றுதானே விற்றீர்கள்?

பரா: கொயில் என்றால் ஒரு கம்பி, அதோடு ஒட்டினபடி பஞ்சு. பஞ்சு லிக்விட்டைக் குடிக்கும், கம்பி அதைச் சூடாக்கி ஆவியாக்கும். பஞ்சு காய்ந்திருந்தால் கம்பி எதைச் சூடாக்கும்? பஞ்சைத்தான். விளக்குத் திரியை எண்ணெயில் ஊறவிடாமல் கொளுத்தினால் என்ன நடக்கும்?

நேசன்: அம்மா ஏசுவா.

பரா: அந்த வேலையை இன்றைக்கு நான் செய்கிறேன். கொயிலை எப்போது மாற்றினாய்?

நேசன்: நேற்றுத்தான்! அதுதான் சொல்கிறேன், புத்தம் புதுக் கொயிலும் கருகுகிறது என்றால் சாமான் பழுதுதானே?

பரா: அதற்கு முதல் எப்போது மாற்றினாய்?

நேசன்: அதற்கு முதல்… வாங்கும்போது உள்ளே இருந்தது.

பரா: நீ வாங்கினது மாரியில்! ஒரு கொயில் ஒன்றிரண்டு கிழமைக்குத்தான் தம்பி. இனிப்புக் கூடின லிக்விட் என்றால் அதற்கும் முதலே கம்பியில் ஒட்டிக் கறுத்துவிடும்.

நேசன்: பழையதை எறியவில்லை அண்ணை. கழுவி யன்னலில் காயவைத்திருக்கிறேன்.

பரா: கரிந்த பஞ்சை எந்தச் சோப்புப் போட்டாலும் மீட்க முடியாது, எடுத்து எறி. சரி, புதுக் கொயிலைப் போட்டு லிக்விட் விட்டாய். ஊறுவதற்கு எவ்வளவு நேரம் விட்டாய்?

நேசன்: விட்டேன் அண்ணை.

பரா: எவ்வளவு?

நேசன்: மூடியைப் பூட்டி முடிக்குமட்டும்.

பரா: பத்து நிமிசம் விடவேண்டும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் படம் போட்டே காட்டியிருக்கிறான்.

நேசன்: தாள் இருந்ததா?

(பரா அண்ணை கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வேப்பைத் திருப்புகிறார். சின்னத் திரையில் 30 என்று மின்னுகிறது.)

பரா: இது என்ன 30?

நேசன்: பற்றரி சதவீதம் இல்லையா?

பரா: வாற். கொயிலின் உடம்பில் எறும்பெழுத்தில் அடித்திருக்கிறான் பார்: 0.8 ஓம், 12 முதல் 16 வாற். நீ இரட்டிப்பாக ஏற்றி வைத்திருக்கிறாய். பொத்தானைத் தட்டினால்தான் இது கூடும். தானாக ஏறாது.

நேசன்: கொஞ்சம் தட்டினேன்தான். கிக் வரவில்லை அண்ணை.

பரா: ஏன் வரவில்லை? போனதடவை தந்த லிக்விட்டில் வந்ததே?

(நேசன் கூரையைப் பார்க்கிறான்.)

பரா: என்ன லிக்விட் விட்டாய், தம்பி?

நேசன்: ஞாயிற்றுச் சந்தையில் ஒருவன் மலிவாகப் போட்டான். இவ்வளவு பெரிய போத்தல். 100 மில்லி!

(ஜக்கெற்றுக்குள்ளிருந்து எடுத்துக் கல்லாவில் வைக்கிறான். இருமல் மருந்துப் போத்தலே அதற்குப் பக்கத்தில் சின்னனாகத் தெரியும்.)

பரா: இப்போது எல்லாம் விளங்குகிறது. இந்த நாட்டில் நிக்கொட்டின் கலந்த லிக்விட் 10 மில்லிக்கு மேற்பட்ட போத்தலில் விற்க ஏலாது. பெரிய போத்தல் என்றால் நிக்கொட்டின் இல்லாமல்தான் வரும், வேண்டியவர்கள் தனியாக வாங்கிக் கலப்பார்கள். நீ கலந்தாயா?

நேசன்: கலக்க வேண்டுமா?

பரா: இல்லாத நிக்கொட்டினைத் தேடித்தான் நீ இழுத்திருக்கிறாய். எத்தனை தரம் இழுப்பாய்?

நேசன்: நைட் வேலையில் பத்து நிமிசம்தான் பிரேக். அந்தப் பத்து நிமிசமும்.

பரா: இடைவெளி?

நேசன்: மூச்சு விடுவேன்.

பரா: பஞ்சு திரும்ப ஊற ஒவ்வொரு இழுவைக்கும் பின்னால் அரை நிமிசமாவது வேண்டாமா? அதற்கு மேல், இந்தப் போத்தலில் நூற்றுக்கு 70 பங்கு கிளிசரின். கட்டியான சாமான். பெரிய கொயில் போட்டு மேகம் விடுகிற ஆட்களுக்கு உரியது. உன்னுடைய கொயிலின் ஓட்டைக்குள் இது இறங்குவதற்குள் உன் பிரேக் முடிந்துவிடும். நிக்கொட்டின் இல்லை என்று விடாமல் இழுத்தாய், பிறகு வாற்றைக் கூட்டினாய், கட்டி லிக்விட் வந்து சேரவில்லை, பஞ்சு எரிந்தது. பழுது என்றது எதை?

நேசன்: சந்தைக்காரனை.

பரா: அவனாவது போத்தலில் எழுதித்தான் விற்றிருக்கிறான்.

நேசன்: சரி அண்ணை, கொஞ்சம் கருகினாலும் இன்னும் இரண்டு நாள் ஓட்டலாமா? காசு கொடுத்த கொயில்.

பரா: வேண்டாம். காய்ந்து அளவுக்கு மிஞ்சிச் சூடானால் ஃபோர்மல்டிஹைட் போன்ற சனியனெல்லாம் கிளம்பும். சிகரெட்டை விடுகிறேன் என்று இதற்கு மாறினவன் நீ. தொண்டை வேண்டாம் என்கிறது, நீ காசுக் கணக்குப் பார்க்கிறாய். புதுக் கொயில் எடு, கிளிசரின் பாதிக்குப் பாதியான கலவையில் 10 மில்லிப் போத்தல் ஒன்று எடு.

(நேசன் தட்டில் கைக்குப் பட்டதை எடுத்துக்கொண்டு வருகிறான். பரா அண்ணை கொயிலின் பஞ்சு தெரிகிற ஓட்டையில் ஒவ்வொரு சொட்டு விடச் சொல்லி, பூட்டி, நிரப்பி, 12 வாற்றில் வைத்துக் கல்லாவில் நிறுத்துகிறார்.)

பரா: பத்து நிமிசம். தொடாதே.

நேசன்: (சற்றுப் பொறுத்து) அண்ணை, இந்தப் பத்து நிமிசத்துக்கு ஒரேயொரு சிகரெட்…

பரா: இருபதுக்குக் குறைந்த பெட்டி விற்கச் சட்டம் இல்லை. பதினைந்து பவுண்ஸுக்கு மேலே போகும். எடுக்கவா?

நேசன்: வேண்டாம்.

பரா: அப்ப சும்மா நிற்காமல் அந்தப் பால் கிறேற்றுகளை உள்ளே எடுத்து வை.

(கிறேற் சத்தம். நேசன் மூச்சிரைக்க வந்து, வேப்பை மெதுவாக ஒரு தரம் இழுக்கிறான். நிறுத்துகிறான். இன்னொரு தரம்.)

நேசன்: கருகல் இல்லை! ஆனால் ஸ்ட்ரோபெரியும் இல்லையே அண்ணை. மூக்கெல்லாம் குளிர்கிறது.

பரா: நீ எடுத்த போத்தலில் என்ன எழுதியிருக்கிறது?

நேசன்: (திருப்பிப் பார்த்து) மென்தோல்.

பரா: இந்த வருசம் நீ வாசித்த முதல் சொல்.

நேசன்: மாற்றித் தருவீர்களா?

பரா: உடைத்த போத்தல் மாற்றமாட்டேன். கிறேற் இன்னும் இரண்டு கிடக்கிறது, அதை எடுத்து வை, ஸ்ட்ரோபெரியில் ஒரு பவுண்ஸ் குறைக்கிறேன்.