காந்த ஊசி எரிமலை ஓட்டத்தைக் காட்டாது

வவுனியாவுக்குப் பக்கத்து ஓமந்தைக் கருங்கல்லில் திசைகாட்டியை வைத்தால், ஊசி திரும்பும் பக்கம்தான் பழைய எரிமலைக் குழம்பு ஓடிய திசை என்று ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். அப்படியில்லை அண்ணை. எரிமலைப் பாறைக்குள் உறைந்த காந்தம் காட்டுவது, அது ஆறிய காலத்துப் பூமியின் காந்தப்புலத்தை. (ஊசி பலமாகத் திரும்பினால், அங்கே எப்போதோ இடி விழுந்து கல்லில் காந்தம் ஏறியிருக்கவும் கூடும்.)

ஓட்டத்தைச் சொல்வது மக்னடைட் (காந்தமேறும் இரும்புத் தாது) போன்ற தாதுமணிகள் படிந்திருக்கும் ஒழுங்கு. திசை குறித்து வெட்டிய சிறு உருளைத் துண்டை ஆய்வுகூடத்தில் மெல்லிய காந்தப்புலத்தில் பல பக்கமும் திருப்பி, எந்த அச்சில் எளிதாகக் காந்தமேறுகிறது என்று அளப்பார்கள். 1954இல் புவி இயற்பியலாளர் ஜோன் கிரஹாம் முன்வைத்த வழி இது. அந்த அச்சு பல படிவுகளில் ஓட்டத்தோடு ஒத்துப்போகும். சிலவேளை குறுக்காகவும் நிற்கும். மிக நுண்ணிய மக்னடைட் என்றால் எளிதாகக் காந்தமேறும் அச்சும் கடினமாக ஏறும் அச்சும் இடம்மாறிவிடும். அதனால் ஒரு கல்லை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஒரே படிவில் பல துண்டுகள் வேண்டும்.

சரி, வவுனியாப் பக்கம் கிடப்பது எரிமலைப் படிவா? இல்லை, நைஸ் போன்ற உருமாறிய (வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறிய) பாறை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் வெந்து நசுங்கியது. அதை அளந்தாலும் அகப்படுவது பெரும்பாலும் அந்த நசுங்கலின் திசைதான்.