பச்சை கேட் வீட்டம்மாவை எங்கே எழுதுவது?

2017 ஜூன் கடைசி வாரம். ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி என்று கடைத்தெரு முழுக்க ஒரே பதற்றம். அப்போதுதான் முதன்முதலாக ஒருவர் லேப்டாப்போடு எங்கள் மளிகைக் கடைக்கு வந்து கணக்கு சாஃப்ட்வேர் போட்டுக் காட்டினார். லாப நட்டம், சரக்கு இருப்பு, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது என்று தட்டத் தட்ட ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அப்பா பொறுமையாகப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் பற்று நோட்டை விரித்து, ஒரு வரியில் விரலை வைத்துக் கேட்டார். "தம்பி, இந்தப் பச்சை கேட் வீட்டம்மாவ இதுல எங்க எழுதணும்?"

வாடிக்கையாளர் பெயரும் செல் நம்பரும் இருந்தால்தான் கணக்கு திறக்க முடியும் என்றார் வந்தவர். அப்பாவிடம் இரண்டும் இல்லை. பதினெட்டு வருடமாக மாதப் பற்று வாங்கும் வீடு அது. பெயர் கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. அந்த வரிக்கு மேலே 'டீச்சர் மாமியார்', கீழே 'லாரி டிரைவர் (மூத்தவர்)'. நோட்டில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. வந்தவர் முன்னால் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று சாஃப்ட்வேர் மாற்றிவிட்டோம். இத்தனை வருடத்தில் சாஃப்ட்வேர் விற்க வந்த யாரிடமும் நான்கூட அவ்வளவு உருப்படியான கேள்வி கேட்டதில்லை. கடை வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி "எது நல்ல சாஃப்ட்வேர் அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கேள்விக்குப் பதில் கம்ப்யூட்டரில் இல்லை. உங்கள் கடைக்கு வருகிறவர்கள் எப்படி வாங்குகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வாங்கி இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

அப்பா காலத்து வியாபாரத்துக்கு ஒரு நடை இருந்தது. மாதம் பிறந்து சம்பளம் வந்ததும் வீட்டிலிருந்து லிஸ்ட் வரும். துவரம் பருப்பு 2 கிலோ, புளி 1 கிலோ, வத்தல் அரைக் கிலோ. லிஸ்ட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பையன் பொட்டலம் கட்டுவான். மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து நாலு சுற்றுச் சுற்றி, சுண்டி அறுப்பான். படியால் அளக்கும்போது தாத்தா ஒன்று என்று சொல்லவே மாட்டார். 'லாபம்' என்று தொடங்கி, அடுத்தது இரண்டு. அப்பா துண்டுச் சீட்டில் விலையை எழுதிக் கூட்டி, பற்று நோட்டில் ஏற்றுவார். ஆயுத பூஜை அன்றைக்குப் புது நோட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பிள்ளையார் சுழி போட்டு, அடுத்த வருடக் கணக்கு.

அந்த நோட்டுக்கு ஆட்களைத் தெரியும், சரக்கைத் தெரியாது. யார் எவ்வளவு தர வேண்டும், யார் பத்தாம் தேதி தருவார், யாரிடம் கேட்கக் கூடாது, எல்லாம் அதில் இருந்தது. துவரம் பருப்பு எத்தனை கிலோ மிச்சம் என்று மட்டும் எங்கும் எழுதவில்லை. அதற்கு மூட்டையை எட்டிப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் இதற்கு நேர் எதிர். கடைசி 100 கிராம் கடுகு வரை அதற்குத் தெரியும். பச்சை கேட்தான் தெரியாது.

வாங்கும் பழக்கத்தை முதலில் மாற்றியது சூப்பர் மார்க்கெட் என்று பலர் சொல்வார்கள். எங்கள் ஊர் மாதிரி இடங்களில் அதற்கு ரொம்ப முன்னாலேயே அந்த வேலையைச் செய்தது சாஷே. கடலூர் சின்னிகிருஷ்ணன் தொடங்கி வைத்த அந்தச் சின்னப் பொட்டலம்தான், மாதம் ஒருமுறை வாங்கிக்கொண்டிருந்தவர்களைத் தினமும் கடைக்கு வரவைத்தது. ஒரு ஷாம்பு, ஒரு காபித் தூள், ஐந்து ரூபாய்க்குத் தேங்காய் எண்ணெய். ஒரு பெரிய பில் போய் முப்பது குட்டி பில் வந்தது. இதைத் தாங்குகிற மாதிரி சாஃப்ட்வேர் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இன்னொன்று, இதை எந்த விற்பனையாளரும் எனக்குச் சொல்லவில்லை: 200 ரூபாய்க்குக் குறைவான விற்பனைக்கு, வாங்குகிறவர் ஜிஎஸ்டி பதிவில்லாதவராக இருந்து பில்லும் கேட்காவிட்டால், தனித்தனியாக பில் போட வேண்டியதில்லை. நாள் முடிவில் மொத்தமாக ஒன்று போட்டால் போதும். சட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதுவரை பத்து ரூபாய் பிஸ்கட்டுக்கெல்லாம் பேப்பர் ரோலை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் யுபிஐ. 2016-இல் வந்தபோது எங்கள் தெருவில் யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது பதினேழு ரூபாய்க்கும் ஸ்கேன்; கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி சத்தம் போட்டுத் தொகையைச் சொல்கிறது. சில்லறைத் தொல்லை போனது நிஜம். ஆனால் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்தால் ஒரு மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் வரிகள். எது கடை வரவு, எது மச்சான் திருப்பித் தந்த கைமாத்து என்று பிரிப்பதற்குள் கண் இருட்டிவிடும். 2025 ஜூலையில் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சின்ன வியாபாரிகளுக்கு வரித்துறை நோட்டீஸ் அனுப்ப, பெங்களூரில் பல கடைகளில் 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி மாட்டினார்கள். சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு வியாபாரம் 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு வேண்டும் என்பது விதி. வரியே இல்லாத சரக்கு மட்டும் விற்றால் வேண்டியதில்லை. இரண்டையும் கலந்து விற்றால், வரியில்லாத சரக்கின் விற்பனையும் அந்த 40 லட்சக் கணக்கில் சேரும். வீட்டுக்கும் கடைக்கும் ஒரே க்யூஆர் வைத்திருப்பவர்கள் சாஃப்ட்வேர் பார்ப்பதற்கு முன் அதைப் பிரியுங்கள். செலவே இல்லாத வேலை.

வரியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மளிகைக்காரனின் தலைவலி அங்கேதான். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீதம். அதே பொன்னியை மூட்டையிலிருந்து அளந்து கொடுத்தால் வரி இல்லை. 26 கிலோ அரிசிப் பைகள் சந்தைக்கு வந்த கதை இதுதான். வாங்குகிறவருக்கு இரண்டும் அரிசி. பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு சரக்கு. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக விற்கும்போது இந்த இருப்பு குறைந்து அந்த இருப்பு கூட வேண்டும். எங்கள் முதல் சாஃப்ட்வேருக்கு இது வரவே இல்லை. சரக்கு இருப்பில் மைனஸ் 340 கிலோ அரிசி காட்டியது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இல்லாத அரிசிய வித்திருக்கோம்டா, பெரிய ஆளுதான் நாம" என்றார்.

2025 செப்டம்பர் 22 அன்று 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்தார்களே, அது இன்னொரு பாடம். குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5-க்கு இறங்கின. நெய் 12-லிருந்து 5. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விகிதம் மாறுகிறது. காலை ஆறு மணிக்குக் கடை திறக்க வேண்டும். நாங்கள் அப்போது வைத்திருந்த சாஃப்ட்வேரில் 'இந்தத் தேதி முதல் இந்த விகிதம்' என்று முன்கூட்டியே போட வழியில்லை. நானும் என் மனைவியும் உட்கார்ந்து ஒவ்வொரு சரக்காகத் திறந்து மாற்றினோம், விடியும் வரை. கம்பெனிக்காரர்கள் போனை எடுத்தது நாலு நாள் கழித்து. அந்த மாதமே அதற்குத் தலைமுழுகினேன்.

சரி, எது வாங்குவது?

முதலில், நீங்கள் காம்போசிஷன் என்ற எளிய ஜிஎஸ்டி முறையில் இருந்தால் பெரிதாக எதுவும் வேண்டாம். ஒன்றரைக் கோடி வரை வியாபாரம் உள்ள கடைக்காரர் 1 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம்; பில்லில் வரி வசூலிக்கக் கூடாது, சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. அவருக்கு ஒரு நல்ல நோட்டும் போனில் ஒரு சாதாரண ஆப்பும் போதும். இதைச் சொன்னால் சாஃப்ட்வேர் விற்கிற நண்பர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

முழு ஜிஎஸ்டி கட்டுகிறவர்களிடம் ஆடிட்டர்கள் முதலில் சொல்லும் பெயர் டேலி. காரணம் இருக்கிறது. 1986-இல் பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, தன் தொழிலுக்கு ஒத்துவரும் கணக்கு மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத்தையே எழுதச் சொன்னார். அதிலிருந்து வளர்ந்தது அது. ஒரு வியாபாரியின் தேவையில் பிறந்தது என்பதால் எனக்கு அதன்மீது மரியாதை உண்டு. தெரிந்த ஆட்கள் எந்த ஊரிலும் கிடைப்பார்கள். ஆனால் அது பேசுவது கணக்குப்பிள்ளையின் மொழி. சனிக்கிழமை சாயங்காலம் ஏழு பேர் நிற்கிற கல்லாவில் வேண்டியது வேறு. வியாபார், ஸோஹோ புக்ஸ், மார்க், பிஸி என்று மற்றவையும் ஒவ்வொரு வகையான கடைக்கு ஒத்துப்போகலாம். மருந்துக் கடைக்காரர் பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் கேட்பார், துணிக்கடைக்காரர் அளவும் நிறமும் கேட்பார். அவர்களுக்கு நல்லது என்றால் எனக்கும் நல்லது என்று ஆகாது.

பெரும்பாலோர் செய்யும் தப்பு, பில் அழகாக வருகிறதா என்று பார்த்து வாங்குவது. நானும் செய்தேன். நிஜமான சிரமம் கொள்முதலைப் பதிவதில் இருக்கிறது. ஏஜென்சி பில் ஒன்றில் நாற்பது சரக்கு இருக்கும். பத்துக்கு ஒன்று இலவசம், அதன்மேல் 3 சதவீதத் தள்ளுபடி, அதன்மேல் வரி. அதை ஏற்றுவதற்கு ஒரு மணி நேரம் ஆகிறதா, பத்து நிமிடமா என்று பாருங்கள். ஏஜென்சி தன் பக்கம் பில்லை ஏற்றாமல் விட்டால் அது நம் 2பி-யில், அதாவது ஜிஎஸ்டி தளம் காட்டும் நம் கொள்முதல் பட்டியலில், வராது, நாம் கட்டிய வரி நமக்கு வரவும் ஆகாது. அதை யார் ஏற்றவில்லை என்று மாதாமாதம் எடுத்துக் கொடுக்காத சாஃப்ட்வேர், வெறும் பில் மெஷின்தான்.

இரண்டாவது, ஒரு சாஃப்ட்வேரை விட்டு வெளியே போகிற வழி. 2023-இல் குவிக்புக்ஸ் என்ற கணக்கு சாஃப்ட்வேர் இந்தியாவில் கடையைக் கட்டியது. உலகம் பூராவும் பெயர் எடுத்த கம்பெனியே கிளம்பிவிட்டது என்றால், போன வருடம் தொடங்கிய கம்பெனியை எப்படி நம்புவது? ஜிஎஸ்டி கணக்குகளை அந்த வருட ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே வாங்கும் முன்பே, "என் கணக்கு மொத்தத்தையும் எக்ஸெல்லில் எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். "அதெல்லாம் தேவைப்படாது சார்" என்று பதில் வந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது தடவை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கல்லாவில் பில் போடும் தங்கச்சியிடம் விட்டேன். அவள் வைத்த பரீட்சை இது: பன்னிரண்டு சாமான் உள்ள லிஸ்ட், அதில் மூன்று எடை போட்டது. நடுவில் "இரும்மா, வெல்லம் மறந்துட்டேன்" என்று ஒருவர் உள்ளே போகிறார். அவர் பில்லை நிறுத்தி வைத்துவிட்டு அடுத்தவருக்குப் போட வேண்டும். திரும்பி வந்தவர் நேற்று வாங்கிய எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பித் தருகிறார். பாதி ரொக்கம், பாதி ஸ்கேன். மூன்று கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் பில்லை நிறுத்தி வைக்குமிடத்திலேயே நின்றுவிட்டார். இன்னொன்றில் எல்லாம் நடந்தது, ஆனால் தமிழில் பிரிண்ட் எடுத்தால் எழுத்துக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள். கடலைப்பருப்பை ஆங்கில எழுத்தில் சுருக்கிப் போட்டால் வாங்குகிற பாட்டி எப்படிச் சரிபார்ப்பார்? மூன்றாவதை எடுத்தோம். பெயர் சொல்லவில்லை, சொன்னால் விளம்பரம் என்பீர்கள்.

நோட்டே போதும் என்று நான் சொல்லவில்லை. அரிசிதான் கடையைத் தூக்கி நிறுத்துகிறது என்று அப்பா நாற்பது வருடம் நம்பினார். முதல் வருட அறிக்கையில், அரிசியில் நிற்பது சொற்பம், கடைக்குச் சோறு போடுவது சில்லறையாக விற்கும் சீரகமும் மல்லியும் வத்தலும் என்று தெரிந்தது. அப்பா இரண்டு நாள் அதை நம்பவில்லை. பிறகு மசாலா டப்பாக்களை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது அவர்தான்.

பச்சை கேட் வீட்டம்மா இப்போது வாட்ஸ்அப்பில் லிஸ்ட் அனுப்புகிறார், பாதி எழுத்தில், பாதி குரல் செய்தியில். அதனால் நம்பர் கிடைத்துவிட்டது. பெயர் என்ன என்று பையன் கேட்டதற்கு, "அண்ணாச்சிக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறார். சாஃப்ட்வேரில் 'பச்சை கேட்' என்றே பதிந்திருக்கிறோம். போன பொங்கலுக்கு அந்த கேட்டுக்கு நீலப் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.