மடக்குக் கத்தி இருக்கட்டும், பத்து ரூபாய் நோட்டு இருக்கிறதா?

மழைக்காலம் வந்துவிட்டது. கூடவே என் டைம்லைனில் 'இடிசி' வீடியோக்களும். எவ்ரிடே கேரி என்பதன் சுருக்கமாம். ஆபத்து அவசரத்துக்கு என்று தினமும் கூடவே எடுத்துப் போகும் பொருட்கள். மடக்குக் கத்தி, ஒன்றுக்குள் பத்துக் கருவி ஒளிந்திருக்கும் பிளையர், பாராசூட் கயிற்றில் பின்னிய கைப்பட்டை, உரசினால் நெருப்பு வரும் கம்பி, எல்லாம் கறுப்பு நிறத்தில். அமெரிக்க மலைக்காட்டில் வழி தவறியவனுக்கு இதெல்லாம் உதவலாம். வேளச்சேரியில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்கிறவன் அந்தக் கம்பியை உரசி எதைக் கொளுத்தப் போகிறான்?

அலுவலகத்தில் ஒரு தம்பி இப்படி ஒரு பெட்டியை ஆர்டர் போட்டு வாங்கி வந்திருந்தான்.

"இது இருந்தா எந்தப் புயலையும் சமாளிச்சிடலாம்ணே."

"சரிப்பா. பர்ஸ்ல சில்லறை எவ்ளோ வச்சிருக்க?"

"பர்ஸே வச்சுக்கிறதில்லண்ணே. அதான் ஜிபே இருக்கே."

சென்னையில் ஆபத்து எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுப் பையை நிரப்பவேண்டும் என்பது என் கட்சி. 2015 டிசம்பர் 1 வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா புயல், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். மூன்றும் மூன்று விதம். ஆனால் அடுத்தடுத்து நடந்தது கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலில் கரண்ட் போகும். அப்புறம் செல்போன் டவர். டவருக்கு பேட்டரி உண்டு, ஜெனரேட்டரும் உண்டு. ஆனால் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், டீசல் கொண்டுபோக ரோடு வேண்டுமே. டவர் போனால் ஜிபேயும் போச்சு, கார்டு மெஷினும் போச்சு, ஓலாவும் போச்சு. மோட்டார் ஓடாததால் மாடித் தொட்டி காலி. இந்த வரிசையில் எந்த இடத்திலும் கத்திக்கு வேலை இல்லை. மெட்ரோவில் பையை எக்ஸ்ரேயில் விடும்போது பதில் சொல்லும் வேலை மட்டும் உண்டு.

அதனால் என் பட்டியலில் முதல் பொருள் ரொக்கம். அதுவும் சில்லறையாக. வர்தா அடித்தது நோட்டு செல்லாது என்று அறிவித்த அடுத்த மாதம். ஏடிஎம் வாசலில் அதற்கு முன்பே வரிசை. கிடைத்த 2000 ரூபாய் நோட்டுக்கு யாரிடமும் சில்லறை இல்லை. அந்த நேரத்தில் மரம் விழுந்து கரண்டும் போய், கார்டு தேய்க்கிற வழியும் அடைபட்டது. அதற்கு முந்தைய வருஷ வெள்ளத்தில் ஒரு லிட்டர் பால் 100 ரூபாய்க்குப் போனது. அந்த மாதிரி நாளில் 500 ரூபாய் நோட்டை நீட்டினால் கடைக்காரர் நம்மைப் பார்ப்பார், நோட்டைப் பார்ப்பார், அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவார். பத்து, இருபது, ஐம்பதாக ஒரு 500 ரூபாயை சின்ன ஜிப் கவரில் போட்டு, ஐடி கார்டு உறைக்குப் பின்னால் செருகிவிடுங்கள். எங்கள் வீட்டில் இதற்குப் 'புயல் காசு' என்று பேர். டீக்கு, ஆட்டோவுக்கு என்று யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

அடுத்தது ஒரு துண்டுக் காகிதம். சிரிக்காதீர்கள். உங்கள் மனைவி நம்பரோ கணவர் நம்பரோ மனப்பாடமாகத் தெரியுமா? அப்பா நம்பர்? போன் தண்ணீரில் விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் தன் போனை நீட்டுவார், நாம்தான் யார் நம்பரை அழுத்துவது என்று முழிப்போம். வீட்டு ஆட்கள் நம்பர், வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் நம்பர், ரத்த வகை, அலர்ஜி இருந்தால் அது, கூடவே 112, மாநகராட்சியின் 1913, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1070. பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள். பல ஜெல் பேனாக்களின் மை ஈரம் பட்டதும் ஊறிப் பரவி ஒரு நம்பரும் மிஞ்சாது. எழுதியபின் இரண்டு பக்கமும் அகல செலோ டேப். வெளியூர் ஆள் எதற்கு என்றால், ஊரே ஒரே நேரத்தில் போன் அடிக்கும்போது உள்ளூர் லைன் கிடைக்காமல் வெளியூர் கிடைக்கலாம். நீங்களும் வீட்டில் இருப்பவர்களும் தனித்தனியாக அவரிடம் தகவல் சொல்லிவிட்டால் போதும். கால் போகாத நேரத்திலும் சாதா எஸ்எம்எஸ் பல தடவை போய்ச் சேரும். வாட்ஸ்அப் டிக்கையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் நம் ஊர் வழக்கம் ஒன்று சிக்கல். மெடிக்கலில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். மருந்தின் பேரும் காலாவதி தேதியும் இருக்கிற பாதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். பையின் மூலையில் ஆறு மாதம் கழித்து அதை எடுத்துப் பார்த்தால் வெள்ளை வட்டம், அவ்வளவுதான். சளிக்கு வாங்கியதா, சுகருக்கா? பிரஷர், சுகர், தைராய்டு என்று தினம் மாத்திரை போடுகிறவர்கள் பேரும் தேதியும் உள்ள பக்கத்தோடு மூன்று நாளைக்கானதைப் பையில் வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை அதை அன்றாட வேளைக்கு எடுத்துப் போட்டுத் தீர்த்துவிட்டு, பையில் புதிதாக வையுங்கள். சுகர்காரர்களுக்கு இன்னொன்று. நடுவழியில் மாட்டிக்கொண்டு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். குளுக்கோஸ் பொட்டலமோ நாலைந்து மிட்டாயோ கையில் இருக்கவேண்டும். மற்றவர்களுக்குக் கடலை மிட்டாய். வெளிநாட்டு எனர்ஜி பார் எதுவும் அதற்குக் கிட்டே வராது, விலையிலும் சரி ருசியிலும் சரி.

பவர் பேங்க் எல்லோரிடமும் இருக்கிறது, சார்ஜோடு இருப்பது யாரிடம் என்பதுதான் கேள்வி. கொள்ளளவு 10,000 mAh என்று போட்டிருந்தால் போனுக்கு ஏறுவது சுமார் 6,000 தான். உள்ளே இருக்கும் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக ஏற்றுவதிலும் சூட்டிலும் மீதி போய்விடும். ஏமாற்றுவேலை இல்லை, கணக்கே அப்படி. போன் டார்ச்சை விளக்காகப் பயன்படுத்தி சார்ஜைக் கரைக்காமல் இருக்க, சாவிக்கொத்தில் தொங்கும் சின்ன டார்ச் ஒன்று. கூடவே ஒரு விசில். கத்தினால் கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டும், விசில் கட்டாது.

காலுக்கு வருவோம். தெருவில் தண்ணீர் நின்றால் ஹவாய் செருப்பு முதல் பத்தடியிலேயே மிதந்து முன்னால் போகும், நாம் பின்னால் ஓடுவோம். ஷூ ஊறிக் கல்லாகக் கனக்கும். குதிகாலைச் சுற்றிப் பட்டை உள்ள ரப்பர் சாண்டல்தான் சரி. மழை மாதங்களில் அதைப் போட்டுக்கொண்டே ஆபீஸ் போகிறேன், யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்து வெறுங்காலோடு நடப்பது மட்டும் வேண்டாம். காலில் கீறல் இருந்து, எலி சிறுநீர் கலந்த தண்ணீர் பட்டால் எலிக்காய்ச்சல் வர வழி உண்டு.

மூன்றாக மடங்கும் குடை பைக்கு வசதி, காற்றுக்கு அல்ல. தாத்தா காலத்து வளைந்த கைப்பிடி நீளக் குடை இருக்கிறதே, அதுதான் இந்த ஊருக்கான உண்மையான இடிசி. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் எங்கே, மூடி இல்லாத மேன்ஹோல் எங்கே என்று மேலிருந்து தெரியாது. தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே காபி நிறம். அடுத்த அடி வைக்குமுன் குடை நுனியால் ஒரு குத்து. தரை தட்டினால் கால். தட்டாவிட்டால் பக்கவாட்டில் போ. ஈபி பில்லர் பெட்டி, அறுந்த ஒயர் பக்கம் மட்டும் குடையும் வேண்டாம், காலும் வேண்டாம், வேறு தெரு.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டில் பெண்கள் சிரிப்பார்கள். அவர்கள் ஹேண்ட்பேக்கில் ஊக்கு, மாத்திரை, சில்லறை, கர்ச்சீப், பிஸ்கட், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஏற்கனவே இருக்கும். வெறுங்கையை வீசிக்கொண்டு கிளம்புவது ஆண்கள்தான், பிறகு "உன் பேக்ல தலைவலி மாத்திரை இருக்கா?" என்று கேட்பதும் நாம்தான். நான் பார்த்த எந்த இடிசி பட்டியலிலும் நாப்கின் இல்லை. பஸ்ஸில் மணிக்கணக்காக மாட்டிக்கொண்டால், பாத்ரூம் இல்லையே என்று தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பற்றியும் ஒரு வரி இல்லை. பட்டியல் போட்டவர்கள் யார் என்று தெரிகிறது.

வெளியூர்ப் பயணத்துக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பர் 17 இரவு கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பேர். சுற்றிலும் வெள்ளம். ஹெலிகாப்டரில் உணவு வருவதற்கு முன்னால் பக்கத்து ஊர் மக்கள்தான் சோறு போட்டுக் காப்பாற்றினார்கள். ரயில் ஏறும்போது இரவுச் சாப்பாட்டோடு நிறுத்தாமல் மறுநாளைக்கும் ஏதாவது கட்டிக்கொள்வது நல்லது.

கார்க்காரர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். துரைசாமி, அரங்கநாதன், கணேசபுரம் என்று நம் சென்னைச் சுரங்கப்பாதைகள் பெருமழைக்கு நிரம்புவது தெரிந்ததே. தண்ணீர் நின்றால் இறங்கவே இறங்காதீர்கள், முன்னால் பஸ் போனாலும். கண்ணாடி உடைக்கும் சுத்தியல் வாங்குவதானால், சீட் பெல்ட் போட்டபடியே கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள். டிக்கியில் வேண்டாம். முன் கண்ணாடியில் இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் இருக்கிறது, விரிசல் விடுமே தவிர வழி விடாது. பக்கக் கண்ணாடியில், நடுவில் இல்லாமல் மூலையில் அடிக்கவேண்டும். சில புது கார்களில் பக்கக் கண்ணாடியும் முன்னது மாதிரியே வருகிறது, உங்களுடையது எது என்று அடுத்த சர்வீஸுக்கு விடும்போது கேட்டு வையுங்கள்.