சேட்டு வீட்டுப் பாட்டியின் நோட்டு

எங்கள் தெருவில் எல்லாருக்கும் அது சேட்டு வீடுதான். மார்வாடியா, குஜராத்தியா, சிந்தியா என்று யாரும் கேட்டதில்லை. அந்த வீட்டுப் பாட்டி தவறிய பிறகுதான் நானே அவர்களைப் போன்ற சிந்திகளின் வரலாற்றை உட்கார்ந்து படித்தேன். அன்றிலிருந்து, "அவங்களுக்கென்ன, வியாபாரம் தெரிஞ்சவங்க, எங்க போனாலும் பிழைச்சுக்குவாங்க" என்று யாராவது சொன்னால் கோபம் வருகிறது.

1947இல் பஞ்சாபையும் வங்கத்தையும் இரண்டாகப் பிரித்தார்கள். அங்கிருந்து ஓடிவந்தவர்களுக்கு எல்லைக்கு இந்தப் பக்கமும் தங்கள் மொழி பேசும் மண் மிஞ்சியது. சிந்து மாகாணம் முழுசாகப் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. 1948 ஜனவரியில் கராச்சியில் கலவரம் வெடித்ததும், அதுவரை போகலாமா இருக்கலாமா என்று தவித்த இந்துக்களும் கிளம்பினார்கள். பாட்டி பன்னிரண்டு வயதில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கப்பலில் வந்தவர். அப்படி வந்தவர்களில் நிறையப் பேருக்குக் கல்யாண் ராணுவ முகாம்தான் வீடு. அதுதான் இன்றைய உல்லாஸ்நகர். 1949இல் அந்த ஊருக்கு அடிக்கல் நாட்டியவர் நம் ராஜாஜி.

வீட்டையும் கடையையும் மறுபடி கட்டிக்கொண்டார்கள், சரி. மொழியை எங்கே நட்டு வளர்ப்பது? 1967இல் அரசியலமைப்பின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சிந்தியைச் சேர்த்தார்கள். ஆனால் சிந்தி பேசும் மாநிலம் என்று ஒன்று இந்தியாவில் கிடையாது. அதோடு எழுத்துச் சண்டை வேறு. 1853இல் ஆங்கிலேயர் ஆட்சியில் வரையறுத்த, அரபு வழி வந்த 52 எழுத்துகள்தான் வேண்டும் என்று ஒரு தரப்பு. தேவநாகரி போதும் என்று இன்னொரு தரப்பு. இரண்டுக்கும் அனுமதி கிடைத்தது. நான் பார்த்த வீடுகளில் பிள்ளைகளுக்கு இரண்டுமே தெரியாது.

பழைய எழுத்தை விட்டது பெரிய தப்பு என்பேன். அது முஸ்லிம் எழுத்து என்பவர்கள் சிந்துவில் உள்ள உதேரோலால் என்ற ஊரை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கோயிலும் தர்காவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இந்துக்கள் ஜூலேலால் என்று கும்பிடும் அதே மகானை முஸ்லிம்கள் ஷேக் தாஹிர் என்று வணங்குகிறார்கள். சிந்துவின் பிட் ஷா ஊரில், சிந்திக் கவிஞர் ஷா அப்துல் லத்தீப் அடங்கிய இடத்தில் கறுப்புடை ஃபக்கீர்கள் இன்றும் இரவுதோறும் அவர் பாடல்களைப் பாடுகிறார்கள். ராஜா தூக்கிப்போய் அரண்மனையில் அடைத்தும், பட்டுச்சேலை வேண்டாம், என் ஊர்க் கம்பளி போதும் என்ற மாரூயி என்ற பெண்ணின் கதை அந்தப் பாடல்களில் வருகிறது. தலைமுறை தலைமுறையாக இந்து வீடுகளிலும் பாடிய பாட்டு அது. இன்று பேரப்பிள்ளைகளால் அதை அச்சில் ஒரு வரி படிக்க முடியாது.

பாட்டி எனக்கு ஒரு சொல் சொல்லிக்கொடுத்தார். 'பார்' (bār) என்று நாம் மூச்சை வெளியே விட்டுச் சொன்னால் சுமை. உதட்டை மூடி, காற்றை உள்ளே இழுத்து அதையே சொன்னால் குழந்தை. இப்படி உள்ளிழுக்கும் ஒலிகள் நான்கு உண்டாம். நமக்கு 'ழ' மாதிரி. எனக்குக் கடைசிவரை வரவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் குழந்தையைச் சுமையாக்கிவிடுவேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டில் இன்னொரு கோக்கி போடுவார். வெங்காயம், பச்சை மிளகாய் போட்ட தடித்த ரொட்டி, பக்கத்தில் தயிர்.

அவர் போன பிறகு அலமாரியில் ஒரு நோட்டு கிடைத்தது. வலமிருந்து இடமாக எழுதியது. வீட்டில் ஒருவராலும் படிக்க முடியவில்லை. பேரன் இரண்டு பக்கங்களைப் படமெடுத்து, இணையத்தில் பழக்கமான ஒருவருக்கு அனுப்பினான். அவர் சிந்துவில் இருக்கும் ஹைதராபாத்காரர், முஸ்லிம். ஒரு மணி நேரத்தில் வாட்ஸப்பில் அவர் குரல் வந்தது, நிறுத்தி நிதானமாகப் படித்திருந்தார். முதல் பக்கத்தில் கோக்கிக்கு மாவு பிசையும் பக்குவம். அடுத்த பக்கத்தில், அதே ஹைதராபாத்தின் ஹீராபாத் பகுதியில் பாட்டியின் பழைய தெருவில் யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்று வரிசையாகப் பெயர்கள்.