ஜவ்வு என்ன ஸ்பேர் பார்ட்டா?

கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் ஒட்டிவைத்துக்கொண்டு மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைத்து நிற்கிறதா? அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண். சிலருக்கு ஒரு கையில்தான் இருக்கும், சிலருக்கு இரண்டு கையிலுமே இருக்காது. இல்லாதவர்களுக்கு அது இல்லை என்பதே தெரியாது. அந்த அளவுக்குத்தான் அதற்கு வேலை.

1974 செப்டம்பர் 25 அன்று ஃபிராங்க் ஜோப் என்ற டாக்டர் இந்த நாணைத்தான் டாமி ஜானின் வலது கையிலிருந்து எடுத்து, இடது முழங்கையில் எலும்பைத் துளைத்துக் கோத்துக் கட்டினார். டாமி ஜான் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணியின் இடதுகை பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர். அந்த சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி என்று ஜம்மென்று போய்க்கொண்டிருந்தவருக்கு ஜூலை 17 அன்று மான்ட்ரியல் அணியுடனான ஆட்டத்தில் முழங்கையின் உள்பக்க ஜவ்வு போய்விட்டது. அந்தக் காலத்தில் பிட்சருக்கு அந்த ஜவ்வு போனால் தொழிலும் போச்சு. திரும்பி வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் ஜோப்பே சொன்னார். நடுவில் கை நரம்பில் சிக்கல் வந்து அந்த டிசம்பரில் இன்னொரு அறுவையும் நடந்தது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அதே நரம்பு. 1975 முழுக்க ஆட்டமே இல்லை. 1976-ல் வந்தார். 1989-ல் 46 வயதில்தான் நிறுத்தினார். மொத்தம் 288 வெற்றிகள், அதில் 164 அறுவைக்குப் பிறகு.

பந்தும் வீசி மட்டையும் பிடிக்கிற ஜப்பான்காரர் ஓட்டானி புண்ணியத்தில் பேஸ்பால் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்ட எனக்கு, இந்தக் கதையை முதலில் படித்தபோது புல்லரித்தது. இப்போது இந்தக் கதைமேலேயே கொஞ்சம் கோபம் வருகிறது. ஏனென்றால் இது ரொம்ப நல்ல கதை. நூற்றில் ஒன்று என்று தொடங்கிய அறுவையில் இன்று பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆட்டத்துக்குத் திரும்பி விடுகிறார்கள். அதனால் ஜவ்வு கிழிவது விபத்து என்ற எண்ணமே போய், சர்வீஸுக்கு வண்டியை விடுகிற மாதிரி ஆகிவிட்டது. அமெரிக்காவில் 2012-ல் வந்த ஒரு ஆய்வில் உயர்நிலைப் பள்ளி ஆட்டக்காரர்களிடம் கேட்டிருக்கிறார்கள். கையில் எந்தக் காயமும் இல்லாவிட்டாலும் ஆட்டத்தை மெருகேற்ற இந்த அறுவையைச் செய்துகொள்ளலாம் என்று சுமார் பாதிப் பேர் சொன்னார்களாம். பெற்றோரிலும் அப்படி நினைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! நன்றாக இருக்கிற கையில் துளை போடவா?

சரி, அந்த ஜவ்வு ஏன் கிழிகிறது? கை பின்னால் போய், தோள் திரும்பி, பந்து விரலை விட்டுக் கிளம்புவதற்குச் சற்று முன்னால் முழங்கையின் உள்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கும். மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் உள்பக்கமாக இழுத்துப் பிடித்து அதைத் தடுப்பது இந்தச் சின்ன ஜவ்வு. சடலங்களின் முழங்கையை வைத்து அது எவ்வளவு தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். முழு வேகத்தில் வீசும் ஒரே ஒரு பந்தில் முழங்கைக்கு வரும் முறுக்கு, அந்த அளவைத் தாண்டிப் போகிறது. கணக்குப்படி ஒவ்வொரு பந்துக்கும் ஜவ்வு அறுந்திருக்க வேண்டும். அறுந்துபோகாமல் காப்பாற்றுவது முன்கைத் தசைகள். பாரத்தில் ஒரு பங்கை அவை வாங்கிக்கொள்கின்றன.

இதை யோசித்துக்கொண்டே ஆர்.ஏ. டிக்கி என்ற பிட்சரின் கதையைப் படியுங்கள். 1996-ல் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை முதல் சுற்றிலேயே எடுத்து 8,10,000 டாலர் தருவதாகச் சொன்னது. ஒரு பத்திரிகை அட்டைப் படத்தில் அவர் கை தொங்கும் விதம் சரியில்லையே என்று அணிக்குச் சந்தேகம் வந்தது. ஸ்கேன் எடுத்தால், அந்த ஜவ்வு கிழியவில்லை, ஆளுக்கு அந்த ஜவ்வே இல்லை! தொகை 75,000 ஆகச் சுருங்கிவிட்டது. அதே மனிதர் பிறகு சுழலாமல் மெதுவாக வரும் நக்கிள்பால் கற்றுக்கொண்டு 2012-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். தசை எவ்வளவு தாங்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

அப்படியானால் தசை களைத்துப் போனால்? பாரம் ஜவ்வின் தலையில். பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனம் 2006-ல் இளம் பிட்சர்களை வைத்துச் செய்த ஆய்வைப் பாருங்கள். வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் வீசியவர்களுக்கு அறுவை வரை போகிற ஆபத்து 5 மடங்கு. கை சோர்ந்த பிறகும் அடிக்கடி வீசியவர்களுக்கு? 36 மடங்கு. வளைந்து இறங்கும் கர்வ்பால் போட்டால் பையன் கை போய்விடும் என்று எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். எனக்கென்னவோ அந்த 36-தான் முக்கியமாகப் படுகிறது.

பெரியவர்கள் விஷயம் வேறு. அவர்களை அடிப்பது வேகம். பெரிய லீக்கில், அதாவது அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியில், ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2008-ல் மணிக்கு 91 மைலுக்குச் சற்று மேல். 2024-ல் 94-ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு பந்தையும் உயிரைக் கொடுத்து வீசுவதும், இந்த வேகப் பைத்தியமும்தான் காரணம் என்று 2024 டிசம்பரில் லீக்கே அறிக்கை விட்டது. அறிக்கை விட்டுவிட்டு? வேகமாக வீசுகிறவனுக்குத்தானே இன்றும் காசு. ஓட்டானிக்கு 2018-ல் ஒரு அறுவை, 2023 செப்டம்பரில் இன்னொன்று. இரண்டாவது நடந்து மூன்றே மாதத்தில் டாட்ஜர்ஸ் பத்து வருடத்துக்கு 70 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. அவர் மறுபடி பிட்சர் நிற்கும் மேடேறிப் பந்து வீசியது 2025 ஜூனில். அவ்வளவு காத்திருக்க ஓட்டானியால் முடியும். 2024 முழுக்க மட்டையைப் பிடித்து 54 ஹோம் ரன் அடித்தார். மற்ற பிட்சருக்கு அந்த வசதி ஏது?

காத்திருப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எடுத்து வைத்த நாண், ஜவ்வாக மாறிப் பழக வேண்டும். அதற்கு அவசரம் கிடையாது. நாலைந்து மாதம் பந்தையே தொட முடியாது. பிறகு 45 அடி தூரத்தில் நின்று, குழந்தைக்குப் போடுவதுபோல மெதுவாகப் போட வேண்டும். பெரிய லீக்கில் மேட்டிலிருந்து, மட்டை பிடிப்பவர் பக்கத்தில் நிற்கும் பிளேட்டுக்கே அறுபது அடி ஆறு அங்குலம்! நேற்றுவரை 95 மைலில் வீசியவன் அப்படி நின்று எண்ணி எண்ணிப் போடுவதை நினைத்துப் பாருங்கள். முழுதாகத் திரும்ப 12 முதல் 18 மாதம்.

எல்லாருக்கும் கத்தி வேண்டியதும் இல்லை. மசாஹிரோ டனாகாவுக்கு 2014-ல் ஜவ்வில் சின்னக் கிழிசல். சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளேட்லெட் ஊசி, ஓய்வு, பயிற்சி. அதே செப்டம்பரில் திரும்பினார், அப்புறம் யாங்கீஸ் அணிக்குப் பல வருடம் வீசினார். ஜவ்வு நல்ல நிலையில் இருந்து எலும்பிலிருந்து மட்டும் பிய்ந்திருந்தால், அதையே தைத்து, மேலே உறுதியான நாடா ஒன்றை வைத்துக் கட்டும் முறையும் வந்துவிட்டது. 2016-ல் அப்படிச் செய்துகொண்ட சேத் மேனஸ் அடுத்த மே மாதமே பெரிய லீக்கில் வீசினார். நல்ல விஷயம்தான். ஆனால் சீக்கிரம் குணமாகும் என்றால் இன்னும் கவலையில்லாமல் வீசச் சொல்வார்களோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது.

ஏனென்றால் அறுவை மேசையில் அதிகம் படுப்பது பெரிய லீக் ஆட்கள் இல்லை. 2007 முதல் 2011 வரை அமெரிக்காவில் நடந்த இந்த அறுவைகளில் பாதிக்கு மேல் 15 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு. ஜப்பானில் 2013 வசந்தகாலக் கோஷியென் என்ற பள்ளி பேஸ்பால் போட்டியில் தோமோஹிரோ அன்ராகு என்ற 16 வயதுப் பையன் ஒரே தொடரில் 772 பந்து வீசினான். ஆகா ஓகோ என்று கொண்டாடியவர்கள்தான் அதிகம். வாரத்துக்கு 500 பந்து என்று அங்கே வரம்பு வந்தது 2020-ல்.

அமெரிக்காவில் 2014-லேயே பரிந்துரையாக வரம்பு போட்டுவிட்டார்கள். 11, 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 பந்து, 17, 18 வயதுக்கு 105. வீசிய எண்ணிக்கைக்கு ஏற்ப ஓய்வு நாள். தாளில் அருமையாக இருக்கிறது. ஆனால் பையன் வெள்ளிக்கிழமை பள்ளி அணிக்கு வீசுகிறான், ஞாயிற்றுக்கிழமை ஊர் ஊராகப் போகும் கிளப் அணிக்கு வீசுகிறான். பள்ளி கோச்சின் நோட்டில் 80, கிளப் கோச்சின் நோட்டில் 75. இரண்டு நோட்டிலும் தப்பே இல்லை. பின்வரிசையில் அணிக்கு ஆள் தேடும் ஸ்கவுட், வேகம் அளக்கும் ரேடார் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும்போது "கை எப்படிடா இருக்கு?" என்று கேட்டால் எந்தப் பையன் வலிக்கிறது என்பான்? "நல்லா இருக்கு கோச்" என்றுதான் சொல்வான். அம்மாவோ அப்பாவோ மூன்றாவதாக ஒரு நோட்டு போட்டு, இரண்டையும் கூட்டி, "இந்த வாரம் போதும்" என்று பையனை மேட்டிலிருந்து இறக்கிக் கூட்டிப் போனால்தான் உண்டு.